பார்க்காமலே போட்ட மார்க்

நேற்று மோசமான படங்களின் பட்டியல் ஒன்றை இணையத்தில் பகிர்ந்தவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். 'உலகத்திலேயே மோசமான படம்' என்று 'குண்டே' என்ற இந்திப் படத்தைப் போட்டிருந்தார், கீழே வரிசையாகச் சிரிப்பு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "படத்தைப் பார்த்தீங்களா?" என்று. "அதை வேற பார்க்கணுமா?" என்று பதில் வந்தது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

பார்க்காத படத்துக்கு எப்படி மார்க் போடுவீர்கள்? என் கேள்வி அவ்வளவுதான்.

2014 பிப்ரவரி 14 அன்று வந்த படம். அலி அப்பாஸ் ஜாபர் இயக்கியது. 1971 வங்கதேசப் போரில் அநாதையான இரண்டு பையன்கள் டாக்காவிலிருந்து கல்கத்தாவுக்குத் தப்பி வந்து, நிலக்கரி திருடி, ஊரே பயப்படும் ரவுடிகளாக வளர்கிறார்கள். ரன்வீர் சிங்கும் அர்ஜுன் கபூரும். அப்புறம் ஒரே பெண்ணை இருவரும் காதலித்து எதிரிகளாகிறார்கள். பழைய கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் நீளமும்தான். ஆனால் உலகத்திலேயே மோசமானதா? வந்த வருடமே, ரசிகர்கள் படங்களுக்கு மார்க் போடும் ஐஎம்டிபி இணையதளத்தில் 40,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு, 10-க்கு 1.4 என்று கடைசி இடத்தில் தள்ளினார்கள். பத்தில் ஒன்பது பேர் போட்டது ஒற்றை ஸ்டார். ஒற்றை ஸ்டார் போடச் சொல்லி வங்கதேசத்துக்காரர்கள் இணையத்தில் பிரசாரமே நடத்தினார்கள். அந்த எண்ணைத்தான் விமர்சனம் என்று நேற்று தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வங்கதேச மக்கள் ஒன்பது மாதம் உயிரைக் கொடுத்து நடத்திய விடுதலைப் போரை, படத்தின் தொடக்கக் குரல் ஏதோ இந்தியா-பாகிஸ்தான் சண்டை மாதிரி சொல்லிவிட்டுப் போகிறது. அந்தப் போரில் சண்டையிட்ட வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? தயாரிப்பு நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. கேட்க வேண்டியதுதான். அவர்களுக்குக் காரணம் இருந்தது. உங்களுக்கு என்ன காரணம்? அவர்கள் வலியில் போட்ட மார்க்கை எடுத்து நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

"உனக்கு ரசனை இல்லை" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, இல்லாமலே இருக்கட்டும். இர்ஃபான் கான் போலீஸ் அதிகாரியாக மெதுவாக உள்ளே வந்து குரலை உயர்த்தாமல் பேசும் இடம் எனக்குப் பிடிக்கும். எதனால் பிடிக்கும் என்று பத்து நிமிடம் பேசுவேன். நீங்கள் எதனால் பிடிக்கவில்லை என்று பேசுங்கள், கேட்கிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்தப் படத்தை நான் பார்த்தது என் நண்பனோடு. பணத் தகராறில் இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போதுதான் மறுபடி பேச ஆரம்பித்திருந்தோம். லேப்டாப்பை நடுவில் வைத்து, ஒரே இயர்போனில் ஆளுக்கொரு பக்கம். நண்பர்கள் இருவரும் அடித்துக்கொள்ளும் இடத்தில் அவன் படத்தை நிறுத்தினான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாமளும் இப்படித்தான்டா கேவலமா நடந்துக்கிட்டோம்" என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடி ஓட விட்டோம்.

நேற்று சிரித்தவர்களில் அவனும் இருக்கிறான். மற்றவர்கள் என்ன சொன்னாலும் போகட்டும், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டேய், நீ பார்த்தவன். பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று எழுது. எவ்வளவு திட்டினாலும் சரி, உட்கார்ந்து படிக்கிறேன். சும்மா ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போகாதே.