மறுவாழ்வு மருத்துவத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள்

எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக வருபவர்களுக்கு எலும்பியல் போஸ்டிங் இரண்டு வாரம். விபத்தாலோ நோயாலோ உடலியக்கம் இழந்தவர்களை மீண்டும் அன்றாட வாழ்க்கைக்குப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவமும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அடக்கம். மாவுக்கட்டு, தியேட்டர் என்றே நாள் ஓடிவிடுகிறது. மறுவாழ்வு வார்டை எட்டிக்கூடப் பார்க்காமல் பலர் டாக்டராகிவிடுகிறார்கள். அப்புறம் மேற்படிப்பு கவுன்சிலிங்கில் எம்.டி. பி.எம்.ஆர். (மறுவாழ்வு மருத்துவ மேற்படிப்பு) என்று பார்த்ததும், "இது என்ன கோர்ஸ்?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. கண்ணிலேயே காட்டாத துறையை யார் விரும்பி எடுப்பார்கள்?

பிசியோதெரபி மாணவர்களுக்கு இந்த வார்டில் பழக நேரம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அவர்களை மெஷின் போட்டுவிடும் ஆளாகத்தான் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.); குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்யப் பழக்குபவர். என் அனுபவத்தில் இந்தத் துறையில் நிலைத்தவர்கள், பயிற்சிக் காலத்தில் ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்த்தவர்கள்தான். எங்களிடம் ஒரு கொத்தனார் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரை ஒரு மாணவியிடம் ஒப்படைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, கட்டிலிலிருந்து பலகை வழியாக வீல்சேருக்கு நகரப் பழக்குவது என்று எல்லாவற்றிலும் அந்த மாணவி கூடவே இருந்தார். டிஸ்சார்ஜுக்கு முன் கொத்தனார் வீட்டுக்குப் போய் டேப் பிடித்து அளந்தால், வீல்சேர் 25 அங்குலம், கழிப்பறை வாசல் 24! வாசல் நிலையைப் பெயர்த்து அகலமாக வைக்க ஆள் பிடித்தது அந்த மாணவி. எங்கே இடிக்க வேண்டும், எங்கே கூடாது என்று வீல்சேரில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கொத்தனார். மாணவி இப்போது தண்டுவடக் காயம்பட்டவர்களோடுதான் வேலை செய்கிறார்.

வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி மாணவர்களிடம் நான் சொல்லாமல் விடுவதில்லை. 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதன்பின் வீல்சேரில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இப்படி ஒரு முன்னோடி வாழ்ந்த மாநிலத்தில் இந்தத் துறைக்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்க முடியாதா?

துறைத் தலைவர்களிடம் கேட்பது இதுதான்: ஹவுஸ் சர்ஜன், பிசியோ, ஓ.டி. மாணவர்களை ஒரே அணியாகச் சேருங்கள். ஆளுக்கொரு நோயாளியை ஒப்படையுங்கள். ஒருமுறையாவது அந்த நோயாளியின் வீட்டுக்கு அனுப்புங்கள், கையில் டேப்போடு.