இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் கதவைத் திறந்து விடுங்க

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல, எங்க வீட்டுகிட்ட இருக்குற பழைய ஐஸ் கம்பெனியை இடிக்கப் போறாங்க. இடம் கைமாறிருச்சு, லாட்ஜ் வருதாம், அடுத்த வாரம் ஜேசிபி வந்துரும்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். ஒன்னும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "வா தம்பி, ஒருதடவை பாத்துட்டு வந்துருவோம்"னாங்க. 26 வருசம் அங்க ஆபரேட்டரா இருந்தவங்க.

உள்ள ஒரே இருட்டு, புறா எச்சம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை பாதி கீழ கிடக்கு. கடலோரத்துல இரும்பு எங்க நிக்கும், உப்புக்காத்து தின்னுட்டுப் போயிரும், பைப்பெல்லாம் தொட்டா ஏடு ஏடா உரியுது. ஆனா ஐஸ் உறைய வைக்கிற டேங்க் மேல போட்ட மரமூடி மட்டும் அப்படியே இருக்கு. அந்த மூடிங்க மேலதான் வேலைக்காரங்க ராத்திரி பகலா நடப்பாங்க, நடுவுல ஒரு தடம் மாதிரி தேஞ்சு பள்ளமாவே இருக்கு. செருப்பைக் கழட்டிட்டு அந்தத் தடத்துல நடந்து பார்த்தேன், சரியா கால் வைக்கிற அகலம்.

ஐஸ் எப்படி வருதுன்னு நம்ம ஊரு பிள்ளைகளுக்கே இப்ப தெரியல. பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணி, அதைக் குளிர வைக்க உள்ளயே அமோனியா ஓடுற காயில், அதாவது குழாய்ச் சுருள். உப்புத்தண்ணி சைபர் டிகிரிக்குக் கீழ பத்து டிகிரி வரைக்கும் போனாலும் உறையாது, அதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்துன தகரக் கேனை இறக்குனா கேன்ல இருக்குற தண்ணி மட்டும் உறையும். ஒரு பார், அதாவது ஒரு ஐஸ் கட்டி, 50 கிலோ, உறைய கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். ஓரத்துல இருந்துதான் உறைஞ்சு வரும், தண்ணில இருக்குற காத்தும் உப்பும் நடுவுல ஒதுங்கும், அதான் பாரை வெளிச்சத்துல பாத்தா நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியும். சின்ன வயசுல அது என்னப்பான்னு கேட்டப்ப "அது ஐசோட முதுகெலும்பு"ன்னாங்க, ரொம்ப நாள் நான் அதை நம்பிக்கிட்டு இருந்தேன்.

எங்க கரையில கடலுக்குப் போறவங்களை எல்லாருக்கும் தெரியும், அவங்க பாடு பேப்பர்லயும் வருது. ஆனா ஐஸ் இல்லாம ஒரு விசைப்படகு கரையை விட்டு நகருமா? எந்த மீனு நல்ல விலைக்குப் போகுது, எது கருவாட்டுக்குப் போகுதுங்கிறது பாதி ஐஸ்லதான் இருக்கு. ஜூன் 14ஆம் தேதி, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியுற அன்னைக்கு, கம்பெனி வாசல்ல வண்டி வரிசை கட்டி நிக்கும், அப்பா அன்னைக்கு வீட்டுக்கே வரமாட்டாங்க, அம்மா தூக்குவாளில சோறு குடுத்து விடுவாங்க, நான்தான் கொண்டு போவேன். ஒருதடவை அமோனியா கசிஞ்சப்ப எல்லாரும் துண்டை நனைச்சு மூஞ்சில கட்டிக்கிட்டு குனிஞ்சே வெளிய ஓடி வந்தாங்க. அமோனியா காத்தை விட லேசு, மேல போகும், தண்ணில சட்டுனு கரையும், அதுனாலதான் ஈரத்துண்டு. அன்னைக்கு ஒருத்தரு மட்டும் திரும்ப உள்ள போய் வால்வை மூடிட்டு வந்தாரு. அது எங்க அப்பா.

அந்த வால்வுகிட்ட போனதும் அப்பா நின்னுட்டாங்க. துருப்பிடிச்சுப் போன சக்கரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு வலது பக்கமா திருகிப் பாத்தாங்க. அசையல. "என்னப்பா"ன்னேன். "மூடித்தான் இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, எனக்குத்தான் தொண்டை அடைச்சிருச்சு.

கம்ப்ரசர் ரூம் சுவத்துல கரியில கோடு கோடா போட்டு வச்சிருக்காங்க, நாலு கோடு குத்தா, அஞ்சாவது குறுக்கால. பக்கத்துல படகு நம்பர், ஓனர் பேரோட முதல் எழுத்து. யாரு எத்தனை பார் எடுத்தான்னு போட்ட கணக்கு. எத்தனை பேரு கையெழுத்துன்னு அப்பா ஒவ்வொன்னா காட்டி சொல்லிக்கிட்டே வந்தாங்க, பாதிப் பேரு இப்ப இல்ல.

இங்க இருந்து தனுஷ்கோடி எவ்வளவு தூரம், 1964 டிசம்பர் புயல்ல போன ஊரு, இடிஞ்ச சர்ச் சுவத்துக்கு முன்னாடி நின்னு தினமும் எத்தனை ஆயிரம் பேரு போட்டோ எடுக்குறாங்க. 2017ல நிலம் முடியுற அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுல இருந்து கூட்டம் இன்னும் அதிகம். நல்லதுதான், வரட்டும். ஆனா புயல் இடிச்ச சுவத்தைப் பாக்க அவ்வளவு தூரத்துல இருந்து வர்றோம், நாமளே இடிக்கப் போற சுவத்தை ஒருதடவை போய்ப் பாக்க மாட்டேங்குறோமே. இடிக்காதீங்கன்னு நான் சொல்லல. அது நிக்காது, நின்னா யாரு தலையிலயாவது விழும். இடத்தை வாங்கினவங்களுக்கும் அவங்க பொழப்பு இருக்கு. நான் கேக்குறது ஒன்னே ஒன்னு, எந்த ஊர்ல எந்தக் கம்பெனியா இருந்தாலும், ஐஸ் கம்பெனியோ உப்பளத்து குடோனோ கடல்பாசி காயப்போட்ட ஷெட்டோ, இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் அங்க உழைச்சவங்களை உள்ள விடணும். ஓனர் வந்து பத்திரம் எழுதுறாரு, இன்ஜினியர் வந்து அளக்குறாரு, இரும்புக்கடைக்காரர் வந்து எடை போடுறாரு. 26 வருசம் நின்ன மனுசனுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியதான் இடமா?

வாங்கினவங்ககிட்ட போன்ல பேசினேன், யோசிக்கவே இல்ல, சரி தாராளமான்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல 7 மணியில இருந்து 10 மணி வரைக்கும் கேட் திறந்திருக்கும். அங்க வேலை பாத்தவங்க, அவங்க பிள்ளைங்க யாரா இருந்தாலும் வாங்க. கூரைக்கு அடியில நிக்க வேணாம், டேங்க் மூடி எல்லாத்தையும் நம்பிக் கால் வைக்க வேணாம், நான் பண்ணது தப்பு, நீங்க கட்டாயம் ஷூ போட்டுட்டு வாங்க, ஆணி நிறைய கிடக்கு. டார்ச் இருந்தா கொண்டாங்க, அந்தக் கரிக்கணக்கு முழுசையும் போட்டோ எடுத்துரலாம். அப்பா 6 மணிக்கே போய் நின்னுருவாங்க.