வாடகை ஏறினால் அஹியாகோ போய்விடும்

லண்டனில் தென் அமெரிக்கச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால், உடனே பெரு நாட்டு உணவகங்களின் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன. எனக்கும் செவிச்சே பிடிக்கும். பச்சை மீனின் மேல் எலுமிச்சைச் சாறும் மிளகாயும் வெங்காயமும் சேர்ந்து செய்யும் வேலை சாதாரணமானதல்ல. 2012இல் ஃபிட்ஸ்ரோவியாவில் தொடங்கிய லிமா என்ற பெரு உணவகம் அடுத்த ஆண்டே, சிறந்த உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷலின் நட்சத்திரத்தை வாங்கியது. அதைக் கொண்டாடியது நியாயம். அதே 2012இல்தான் லத்தீன் அமெரிக்கர்களின் கடைகள் நிறைந்த, வடக்கு லண்டனின் செவன் சிஸ்டர்ஸ் சந்தை இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட ஹாரிங்கே நகராட்சி அனுமதி கொடுத்தது. அதற்காக வருந்தி ஒரு வரி எழுதிய உணவு விமர்சகரை நான் பார்த்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சந்தை என்றால் திறந்தவெளி அல்ல. சுரங்க ரயில் நிலையத்தின் தலைமேல், 1972இல் மூடப்பட்ட வார்ட்ஸ் என்ற பழைய பெரிய கடையின் கட்டடத்துக்குள் நெருக்கி அடைத்த சிறு சிறு கடைகள். கொலம்பியர்கள் அதைப் 'புவெப்லித்தோ பைசா' என்று அழைத்தார்கள். புவெப்லித்தோ என்றால் சிற்றூர்; பைசா என்றால் கொலம்பியாவின் மெடயின் நகரைச் சுற்றியுள்ள மலைநாட்டுக்காரர்கள். இறைச்சிக் கடை, முடிதிருத்தும் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, நடுவில் நாலு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. மேசைகளுக்கு இடையே குழந்தைகள் ஓடும்.

அங்கேதான் முதன்முதலில் அஹியாகோ குடித்தேன். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் கோழி சூப் அது. மூன்று வகை உருளைக்கிழங்கு போடுவார்கள். அதில் கிரியோயா என்ற சின்ன மஞ்சள் கிழங்கு முழுதாகக் கரைந்து சூப்பைக் கெட்டியாக்கிவிடும். குவாஸ்காஸ் என்ற கீரையின் காய்ந்த இலை இல்லாவிட்டால் அதை அஹியாகோ என்று எந்தப் பொகோட்டாக்காரரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்த இலை லண்டனின் சாதாரணக் கடைகளில் கிடைக்காது; அங்கே பக்கத்துக் கடையிலேயே தொங்கியது. விடியுமுன் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்தவர்கள் அந்த மேசைகளில் பசியாறினார்கள். இலை விற்கிறவர், சமைக்கிறவர், சாப்பிடுகிறவர் மூவரும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் அந்தச் சூப் அந்த விலைக்குக் கிடைத்தது. ஒருவரைப் பெயர்த்து எடுத்தால் மற்ற இருவரும் சாய்வார்கள். 'வேறு இடம் தருகிறோம்' என்று சொல்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

ஒருமுறை அம்மா ஊரிலிருந்து வந்தபோது அங்கே அழைத்துப் போனேன். தட்டில் வந்த பொரித்த யூக்காவைப் பிட்டு வாயில் போட்டதுமே, 'இது நம்ம மரச்சீனி அல்லவா!' என்றார். ஆமாம். குமரி மாவட்டத்தில் நாங்கள் மீன்குழம்போடு தின்னும் மரவள்ளிக்கிழங்கின் தாய்வீடு தென் அமெரிக்காதான். அதன் மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட பண்டேபோனோவை அம்மா மூன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

சந்தை வியாபாரிகள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள், ஊர்வலம் போனார்கள். 2021 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனமே திட்டத்திலிருந்து விலகியது. ஆனால் 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பூட்டிய கதவு அப்போதும் பூட்டியேதான் இருந்தது. ஜெயித்தவர்கள் கடை திறக்க முடியாமல் நின்றார்கள். தெற்கே எலிஃபன்ட் அண்ட் காசிலில் அந்த வெற்றிகூட இல்லை. 1965இல் திறந்த வணிக வளாகம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. லத்தீன் அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாக வளர்த்த கடைத்தெரு அது.

லண்டனில் லத்தீன் அமெரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று 2011இலேயே குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அவர்களுடைய சமையல் நகரத்துக்கு வேண்டுமென்றால் குறைந்த வாடகைக்கு இடம் வேண்டும். புதுக் கட்டடம் கட்டுங்கள், ஆனால் அதே வியாபாரிகளுக்கு அதே தெருவில், பழைய வாடகையில், பக்கம் பக்கமாகக் கடை கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். இதை நகராட்சிகள் நிபந்தனையாக எழுத வேண்டும்.

எலிஃபன்ட் பக்கத்திலும் ஓல்டு கென்ட் சாலையிலும் கொலம்பியக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் போங்கள். அஹியாகோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பண்டேபோனோவை அடுப்பிலிருந்து எடுத்ததும் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.