ரெண்டில் ஒண்ணு சொல்லுங்க

சனிக்கிழமை நான் ரெண்டு கத்தியோடு ஆடிய வாள் சண்டை வீடியோவைப் பற்றி இனி எதுவும் எழுதக் கூடாது என்று நாலு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலை எழுந்து பார்த்தால் மேலும் அறுபது கமெண்ட். ஆளாளுக்கு நாட்டாமை ஆகிவிட்டார்கள். சரி, குற்றவாளிக்கும் கொஞ்சம் பேச இடம் கொடுங்கள்.

ஒற்றைக் கத்தியோடு நின்றவர் முன்னால் நான் ரெண்டு கத்தியோடு போனது அநியாயமாம். அது முதல் குற்றம். ரெண்டு கத்தி என்பதே சும்மா சினிமா வேலை, நிஜச் சண்டைக்கு உதவாதாம். அது ரெண்டாவது. இந்த ரெண்டையும் ஒரே ஆள், ஒரே கமெண்டில், மூச்சு விடாமல் எழுதியிருக்கிறார். ஐயா, ஒன்றுக்கும் உதவாததை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன அநியாயம் செய்துவிட முடியும்? ரெண்டில் ஒண்ணு சொல்லுங்க.

அன்றைக்கு நடந்தது பதக்கப் போட்டி கிடையாது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நாலைந்து கிளப்காரர்கள் கூடி ஆடும் நட்பு ஆட்டம். கடைசி ஒரு மணி நேரம் 'யார் எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாம்' என்று அவர்களே சொன்னது. எதிரில் நின்றவரிடம் மாஸ்க் போடும் முன் கேட்டேன். "சரி" என்றார். முழு மனசோடு சொன்ன சரியா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் சொன்னார்.

வீடியோ பார்த்தவர்கள் கடைசிப் புள்ளியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்கள். முதல் ரெண்டு புள்ளியையும் நான் இழந்ததை யாராவது பார்த்தீர்களா? ஒற்றைக் கத்திக்காரர் உடம்பை ஒருக்களித்து, ஒரு தோளை முன்னால் நீட்டி நிற்பார். பாய்ந்தால் அவர் கை முழு நீளத்துக்கும் வரும். நான் ரெண்டு கத்தியையும் பயன்படுத்த நெஞ்சைத் திறந்து நேராக நிற்க வேண்டும். அப்போதே என் கை எட்டும் தூரத்தில் ஒரு சாண் போச்சு. கொஞ்சம் திரும்பினாலோ, பின்னால் போன கத்தி காட்சிப் பொருள். முதல் புள்ளியில் அவர் என் வலப்பக்கமாக நகர்ந்தார். நான் இடது கத்தியைக் கொண்டு வரப் போய், அது என் வலது மணிக்கட்டிலேயே இடித்தது. அந்த நேரத்தில் அவர் சாவகாசமாக என் தொடையில் குத்திவிட்டுப் போனார். மாஸ்க்குக்குள் எனக்கே சிரிப்பு வந்தது. இதுதான் உங்கள் அநியாயம்.

லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒற்றைக் கத்தியில் பெரும்பாலும் முதலில் தடுத்து, பிறகுதான் அடிக்க முடியும். ரெண்டு இருந்தால் ஒன்று தடுக்கும் அதே கணத்தில் இன்னொன்று போகும். ஆனால் அந்த ஒரு கணத்துக்காக இடது கை வலது கை அளவுக்கு வேலை செய்ய வேண்டும். அது கடையில் விற்கும் பொருள் கிடையாது. ரெண்டாவது கத்தியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ரெண்டாவது கையை வாங்க முடியாது.

இதை நானாகச் சொல்லவில்லை. 1570-ல் வெனிஸில் ஜியாக்கோமோ டி கிராஸி என்ற வாள் ஆசான் அச்சுப் போட்டுச் சொன்னது. இடது கையும் வலது கையைப் போலப் புழங்காதவன் இந்த ஆயுதத்தால் ஒன்றும் சாதிக்க முடியாது என்கிறார். அவருக்கும் முன்னால், 1536-லேயே மரோட்ஸோ என்ற இன்னொரு இத்தாலிய ஆசான் ரெண்டு கத்திக்குப் பாடம் எழுதிவிட்டார். அந்தக் காலத்து ஜோடி ரேப்பியர்கள், அதாவது நீளமான மெல்லிய வாள்கள், ஒரே உறையில் போகும். சேர்த்துச் செருக வசதியாகப் பிடியின் உட்பக்கத்தைத் தட்டையாகச் செய்திருப்பார்கள். சினிமாக்காரனுக்காகவா 450 வருஷத்துக்கு முன்னால் கொல்லன் உட்கார்ந்து அதைத் தேய்த்தான்?

"போரில் யாரும் பயன்படுத்தவில்லையே?" ஆமாம், டி கிராஸியே அதை ஒப்புக்கொள்கிறார். போரில் இல்லை, பயிற்சிக்கூடத்திலும் மோதல் களத்திலும் உண்டு, அரசர்களும் ஆசான்களும் ஏற்றுக்கொண்ட மரியாதையான ஆயுதம் என்று எழுதுகிறார். நீங்கள் கையில் பிடித்திருக்கும் ஒற்றை ரேப்பியர் மட்டும் எந்தப் போரை ஜெயித்துக் கொடுத்ததாம்? அதுவும் தெருவில் இடுப்பில் கட்டிக்கொண்டு போனதுதானே.

ஜப்பான் பக்கம் போங்கள். இடுப்பில் ஆயுதம் இருக்க அதை உருவாமலே சாவது வருத்தத்துக்குரியது என்று முசாஷி என்ற வாள்வீரர் 1645 வாக்கில் எழுதிவிட்டுப் போனார். இன்றைய கெண்டோ (ஜப்பானிய வாள் விளையாட்டு) விதியில் பெரியவர்களுக்கு ரெண்டு வாள் அனுமதி உண்டு. ஒற்றை வாள்காரருக்கு ஆண்கள் பிரிவில் வாள் நீளம் 120 செ.மீ. வரை. ரெண்டு வாள்காரருக்குப் பெரியது 114, சின்னது 62 செ.மீ.தான். ஆனாலும் அனுமதிதானே. ரெண்டு வாள் அவ்வளவு பெரிய அநியாய லாபம் என்றால் எல்லாரும் அல்லவா அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? பெரும்பாலானோர் ஒற்றை வாளோடுதான் நிற்கிறார்கள். ஏன் என்று யோசியுங்கள். யோசிக்க நேரம் இல்லை என்றால், சரி, கமெண்ட் போடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ரெண்டு இரும்புக் கத்தி வந்தால் கட்டுப்பாடு குறையும், இருவரும் ஒரே நேரத்தில் அடிபடுவது கூடும் என்று. அது நியாயமான கேள்வி. அதற்குத்தான் மாஸ்க்கும் ஜாக்கெட்டும் நடுவரும் இருக்கிறார்கள். அடுத்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. அதே மணி நேரத்தில் ஒருத்தர் நீளக் கம்பைக் கொண்டு வந்து ஒற்றைக் கத்திக்காரரை ஓட ஓட விரட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் 1599-லேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: கம்பு வைத்திருப்பவன் ஒருத்தன், கத்தியும் குத்துவாளும் வைத்திருக்கும் ரெண்டு பேருக்கும் மேல். (எட்டு ஒன்பது அடிக் கம்பு அது. அதற்கு அவர் வைத்த பெயர் குட்டைக் கம்பு!) கம்பு அநியாயம் இல்லை. கேடயம் அநியாயம் இல்லை. கத்தியும் குத்துவாளும் அநியாயம் இல்லை. இடது கையில் முழு நீளக் கத்தி வந்தால் மட்டும் எல்லாருக்கும் தர்மம் ஞாபகம் வருகிறது. ஏற்பாட்டாளர் ஒருவர், எனக்குச் சொல்லாமலே, அடுத்த வருஷம் ஜோடிக் கத்தி கிடையாது என்று குழுவில் போட்டுவிட்டார். நல்லது. சந்தோஷமாக இருங்கள்.

இடது கை என்றதும் வருகிறேன். அதற்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறவி இடதுகைக்காரன். சாப்பாட்டில் கை வைத்தால் ஆச்சி கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. ரெண்டாம் வகுப்பில் ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பி விரல் முட்டியில் அடிப்பார்கள். மூணாம் வகுப்பு முடிவதற்குள் வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டேன், அழகாகவே. சிலம்பத்துக்குச் சேர்ந்த அன்றைக்குக் கம்பை இடது கையில் வாங்கிவிட்டுச் சட்டென்று மாற்றினேன். ஆசான் பார்த்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் தன் துண்டை எடுத்து என் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். "ஒரு மாசம் இதக் கொண்டே சுத்துலே. அப்புறமா ரெண்டு கம்பு தாரேன்." அவ்வளவுதான் சொன்னார். என் இடது கையை ஒரு பெரிய மனுஷன் கை மாதிரியே பார்த்த முதல் ஆள் அவர்தான்.

சனிக்கிழமை கடைசிப் புள்ளியும் அந்தக் கையால்தான் விழுந்தது. எதிரில் நின்றவர் கத்தியை என் வலது பிடித்துக்கொண்டது, இடது போனது. நான் எதுவும் யோசிக்கவில்லை.

அதுக்குத்தான் நம்ம ஊர் நண்பன் ஒருத்தன், ஒண்ணாப் படிச்சவன், கமெண்ட் போட்டிருக்கான்: "பீச்சாங்கையில குத்தி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பாடே." சிரிப்புப் பொம்மை மூணு. அதுக்கு நாப்பது லைக், முக்கால்வாசி நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பான், தெரியும். ஜெர்மன்காரன் அநியாயம்னு சொன்னதுக்கு டி கிராஸியக் காட்டிப் பதில் சொல்லிட்டேன். இதுக்கு எந்தப் புஸ்தகத்தக் காட்ட?

எம் மகளுக்கு ஏழு வயசு. அவளும் இடதுகைதான். இங்க ஸ்கூல்ல இடதுகைக்குன்னே கத்தரிக்கோல் குடுக்காங்க. ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து வீடியோ பாத்துக்கிட்டிருந்தவ, கமெண்ட எழுத்துக் கூட்டி வாசிச்சா. தமிழ் வாசிக்கக் கத்துக்கிட்டிருக்கா. "அப்பா, பீச்சாங்கைன்னா என்ன?"

ஃபோன வாங்கி வச்சிட்டேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம் மக்கா, அந்தக் கமெண்ட மட்டும் எடுத்துரு. அவ இன்னும் ரெண்டு தடவ கேட்டுட்டா.