பயம்தான் காரணமா?

எச்.ஐ.வி பரிசோதனைக்குக் கிராமத்து மக்கள் வருவதில்லை என்ற பேச்சு எழுந்தாலே, பயம், அறியாமை என்று இரண்டு சொற்களில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மலாவி நாட்டுக் கிராமங்களில் நடந்ததை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு மலாவி. மக்காச்சோளம் விதைத்துப் பிழைக்கும் குடும்பங்களே அதிகம். 2004இல் அங்கே மூன்று மாவட்டங்களில் வீடு வீடாகப் போய், எச்.ஐ.வி பரிசோதனைக்கு வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. ஆனால் முடிவு அன்றே தெரியாது. பிறகொரு நாள், அந்தப் பக்கத்தில் போடப்படும் கூடாரத்துக்கு வந்து கேட்டுக்கொள்ள வேண்டும். ரெபெக்கா தார்ன்டன் என்ற பொருளியல் ஆய்வாளர், முடிவைக் கேட்க வந்தால் பணம் தரும் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார். சிலருக்குக் கூடுதல் தொகை, சிலருக்குச் சொற்பம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் கிடைக்காதவர்களில் 34 சதவீதம் பேர்தான் வந்தார்கள். மிகக் குறைந்த தொகை கிடைத்தவர்களிலோ அதைப்போல இரு மடங்கு! கூடாரம் தள்ளியிருந்த இடங்களில் வருகை குறைந்தது.

உயிர்ப்பயம் சில்லறைக் காசுக்குக் கரைந்துவிடுமா? கரையாது. அந்தக் காசு வேறு வேலை செய்தது என்றே நான் நினைக்கிறேன். காட்டு வேலையை விட்டுவிட்டு வெயிலில் நடப்பதற்கு அது ஈடாக இருந்தது. அதைவிட முக்கியம், வழியில் "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்பவரிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. "பணம் தருகிறார்களாம், வாங்கி வரப் போகிறேன்." எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், சந்தேகம் வராமல் கூடாரத்துக்குள் நுழைய இந்த ஒரு வரி போதும்.

மலாவிக் கிராமத்தார் பலர் தங்களுக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பை உள்ளதைவிட அதிகமாகவே கணித்திருந்தார்கள் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்தது. அடுத்தடுத்துச் சாவு வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? எப்படியும் இருக்கிறது, மருந்தும் இல்லை என்று நம்புகிறவர் எதற்காகச் சோதித்துக்கொள்ள வேண்டும்? 2004இல்தான் அந்த நாட்டில் எச்.ஐ.வியைக் கட்டுக்குள் வைக்கும் ஏஆர்டி கூட்டு மருந்தை இலவசமாகப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து மண்வெட்டியோடு வயலுக்குப் போவதைப் பார்ப்பவருக்கு எந்தச் சுவரொட்டியும் தேவையில்லை.

2011இல் மலாவி இன்னொரு துணிச்சலான முடிவை எடுத்தது. தொற்றுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும், நோய் எந்த நிலையில் இருந்தாலும், வாழ்நாள் முழுவதும் மருந்து என்று உலகிலேயே முதலில் அறிவித்த நாடு அதுதான். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு எச்.ஐ.வி சோதனையும் அதோடு சேர்ந்தே நடந்துவிடுகிறது. தனியாக ஒரு முடிவெடுத்து, தனியாக ஒரு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு அப்படியொரு வாசல் இல்லை. அதனால் கணவனின் சோதனை பின்தங்க, வீட்டுக்குள் முதலில் செய்தியைக் கொண்டுவருபவள் மனைவியாகிறாள். பழியும் அவள் தலையில் விழுகிறது. கணவன் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் கருவியை மனைவியிடம் கொடுத்தனுப்பும் முயற்சிகளும் அங்கே நடந்தன. எனக்கு அது நல்ல வழியாகவே படுகிறது, அவளைக் கட்டாயப்படுத்தாதவரை.

சோதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தார்ன்டனின் ஆய்வில், தொற்று இருப்பதை அறிந்துகொண்டவர்கள் அறியாதவர்களைவிடக் கூடுதலாக வாங்கிய ஆணுறைகள் சராசரியாக இரண்டே இரண்டு. முடிவைச் சொல்லிவிட்டுக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அந்த மனிதரோடு அதன் பிறகும் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், மருந்து நிற்காமல் வர வேண்டும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அதை நம்பியிருந்த மலாவி போன்ற நாடுகளில் எச்.ஐ.வி சேவைகள் தடுமாறின. செலவைக் குறைக்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது, ஊர் ஊராகப் போகும் பணியாளர்களும் அவர்களின் வண்டிச் செலவும்தான். மருத்துவமனையில் கருவி இருக்கிறதே, வேண்டியவர்கள் வரட்டும் என்பார்கள். பக்கத்திலேயே கூடாரம் போட்டும், கையில் ஒன்றும் கொடுக்காதபோது நூற்றுக்கு 34 பேர்தான் வந்தார்கள்.