அறுவைதான் முதல் வழியா?

பிறந்த குழந்தைகளுக்கு வரும் சதைக்கட்டிகளைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். சதைக்கட்டி என்றால் உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்ற தொனியில் அது போகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். ஒரு குழந்தையின் முன்கையில், அதன் உள்ளங்கையைவிடப் பெரிய வீக்கம். நீலம் பாய்ந்து தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. ரத்தக்குழாய்க் கட்டி, தானாக வற்றிவிடும் என்றே எல்லோரும் நினைத்தோம். திசுவை எடுத்துப் பார்த்தபோது சிசு ஃபைப்ரோசார்கோமா என்ற, கைக்குழந்தைகளுக்கு வரும் சதைப் புற்றுநோய்!

பெயர்தான் மிரட்டுகிறது. பெரியவர்களுக்கு வரும் சார்கோமாவைப் போல இது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. அதனால், கையையோ காலையோ இழக்க நேரும் அறுவைக்கு முன், வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின் என்ற புற்றுநோய் மருந்துகளால் கட்டியைச் சுருக்கப் பார்ப்பார்கள். வின்கிறிஸ்டின் ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதையே வெந்துபோகும். நூலிழை போன்ற அந்த ரத்தக்குழாயில் அது ஏறி முடிகிறவரை நாங்கள் கண் இமைக்கமாட்டோம்.

இன்னொரு விடுபடல்: சிசு ஃபைப்ரோசார்கோமா கட்டிகள் பெரும்பாலானவற்றில் 12, 15ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, இடிவி6, என்டிஆர்கே3 என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த இணைப்பைக் குறிவைக்கும் லரோட்ரெக்டினிப் மருந்துக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி கொடுத்தது. வாய்வழித் திரவமாகவும் கிடைக்கிறது. மரபணுப் பரிசோதனையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே? சிசு மயோஃபைப்ரோமா போன்ற, புற்றுநோயல்லாத சில கட்டிகள் பல நேரங்களில் சிகிச்சையே இல்லாமல் சுருங்கிவிடுவதையும் கட்டுரை சொல்லவில்லை.