காவல் காக்க மட்டும் ஊர்க்காரர்களா?

காட்டில் தீப்பிடித்தால் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுவது பக்கத்து ஊர்க்காரர்கள். வேட்டைக்காரன் நுழைந்தால் துப்புக் கொடுப்பதும் அவர்கள், ஒரே ராத்திரியில் யானைக்கு விளைச்சலைப் பறிகொடுப்பதும் அவர்கள். ஆனால் மூங்கில் விற்ற பணமோ சுற்றுலாப் பணமோ வரும்போது மட்டும் கணக்குப் புத்தகம் வேறு யாருடைய மேசைக்கோ போய்விடுகிறது. இதைத்தான் மக்கள் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். என் கணக்கில் இது சம்பளமில்லாத காவல் வேலை.

எந்தத் திட்டமாக இருந்தாலும் நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். பணம் யார் கைக்கு வருகிறது? ஊர் வேண்டாம் என்று சொன்னால் அது செல்லுமா?

முதல் கேள்விக்கு ஆப்பிரிக்காவில் நல்ல பாடம் இருக்கிறது. வனவிலங்குகளால் வரும் வருமானத்தை ஊர்களோடு பங்கிடும் ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டம் 1980களின் கடைசியில் வந்தபோது உலகமே கொண்டாடியது. ஆனால் வனவிலங்கு மீதான அதிகாரம் மாவட்ட கவுன்சில்களிடம் போனது, ஊர்களிடம் இல்லை. வருமானத்தில் பாதியாவது ஊர்களுக்குப் போகவேண்டும் என்று வழிகாட்டுதல் இருந்தும் பல கவுன்சில்கள் பணத்தைத் தாங்களே பிடித்து வைத்துக்கொண்டன. நமீபியா 1996இல் சட்டத்தைத் திருத்தியபோது வேறு வழியில் போனது: எல்லை, உறுப்பினர் பட்டியல், ஒரு குழு, வருமானத்தைப் பங்கிடும் திட்டம், இதெல்லாம் இருந்தால் ஓர் ஊர் தன் பகுதியைக் கான்சர்வன்சி, அதாவது ஊர்க்காரர்களே நடத்தும் வனவிலங்குப் பகுதி, என்று பதிவு செய்துகொள்ளலாம், விலங்குகளால் வரும் வருமானம் நேராக அவர்களுக்கே. 1998இல் நான்கில் ஆரம்பித்தது இன்று 80ஐத் தாண்டி, நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் பரவியிருக்கிறது. அனுமதி வாங்கி வேட்டையாட வருகிறவர்கள் கட்டும் கட்டணமும் அதில் ஒரு வருமானம் என்பது பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 2020இல் கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகள் நின்றுபோனபோது காவலர் சம்பளத்துக்கே திண்டாட வேண்டிய நிலை வந்தது. வேட்டையை நிறுத்து என்று தூரத்திலிருந்து சொல்கிறவர்கள் அந்தச் சம்பளத்துக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது கேள்விக்கு நியம்கிரி. உச்ச நீதிமன்றம் சொன்னதால் 2013இல் ஒடிசாவில் 12 கிராம சபைகள் கூடி, அந்த மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டன, சுரங்கம் வரவில்லை. காட்டின் மேல் ஊர்க்காரர்களுக்கும் கிராம சபைக்கும் உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டம் இல்லாவிட்டால் அதே ஜனங்கள் மறியல் செய்து வழக்கு வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமம் அதே சட்டத்தின் கீழ் உரிமை வாங்கிய பிறகும் மூங்கிலை வெளியே விற்க வனத்துறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2011இல் மத்திய அமைச்சரே நேரில் வந்த பிறகுதான் மூங்கிலைக் கொண்டுபோகச் சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் கிராம சபைக்குக் கிடைத்தது. எல்லா ஊருக்கும் அமைச்சர் வருவாரா?

சரி, ஊர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. நேபாளத்தைப் பாருங்கள். 1957இல் காடுகளை அரசுடைமை ஆக்கினார்கள், நம்முடையது இல்லையே என்று ஜனங்கள் கைவிட்டார்கள், மலைகள் மொட்டையாயின. 1993 சட்டத்துக்குப் பிறகு காட்டை ஊர்க்காரர்களே பராமரிக்கும் 22,000க்கும் மேற்பட்ட பயனாளர் குழுக்கள் வந்தன. 1992இல் 26 சதவீதமாக இருந்த காட்டுப் பரப்பு 2016இல் 45 சதவீதம் ஆனது. (வேலைக்கு வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன வயல்களிலும் மரம் முளைத்தது, முழுப் புகழும் குழுக்களுக்கு இல்லை.) ஆனால் பல குழுக்களில் நிலம் உள்ளவர்களும் மேல்சாதியினருமே நிர்வாகத்தில் உட்கார்ந்தார்கள். காடு வளரட்டும் என்று அவர்கள் கதவை மூடியபோது அடி விழுந்தது, விறகையும் புல்லையும் நம்பியிருந்த நிலமற்ற தலித் வீடுகளுக்கு. சொந்த நிலத்தில் நாலு மரம் வைத்திருப்பவருக்கு இரண்டு வருடம் காட்டைப் பூட்டி வைப்பது ஒரு விஷயமே இல்லை.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, ஊருக்குள்ளும் அநியாயம்தானே, துறையே வைத்துக்கொள்ளட்டும் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஊர்க் குழுவின் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படிக்கச் சொல்லிச் சண்டை போடலாம், அடுத்த தேர்தலில் தலைவரை இறக்கலாம். நேபாளத்தில் நிர்வாகக் குழுவில் பாதி பெண்கள் என்ற விதியும் அப்படிச் சண்டை போட்டு வந்ததுதான். விறகு வெட்டப் போகிற பெண் தலைநகரத்து அலுவலகத்தில் எந்த அதிகாரியிடம் போய்க் கணக்குக் கேட்பாள்?